செம்பு கிடைத்ததற்காக ஆண்டுக் கணக்கின் பெயரையே மாற்றினார்களா?

"ஜப்பான் வரலாற்றில் 708 முதல் 715 வரை 'வதோ காலம்' என்று ஒன்று வருகிறது. அது எந்த அரசரின் பெயர்? எங்கோ செம்பு கிடைத்ததற்காக வைத்த பெயர் என்கிறார்களே, நம்பலாமா? ஜப்பானின் முதல் காசு அப்போதுதான் வந்ததா?" இவைதான் நீங்கள் கேட்டவை. பார்வைக்கு மூன்று கேள்விகள். ஆனால் அடியில் ஓடுவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஓர் அரசு தன் காலத்துக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டால், அந்தப் பெயரை நாம் எந்த அளவுக்கு நம்புவது?

நான் ஜப்பானில் பண்டைய வரலாற்றில் முதுகலை படித்தேன். அப்புறம் பதினைந்து ஆண்டுகளாக மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. அந்தக் கால ஏடுகள் சீன எழுத்து நடையில் இருப்பவை. பக்கத்தில் இக்கால ஜப்பானிய உரையை வைத்துக்கொள்ளாமல் எனக்கு அவை நகராது. உலோக ஆய்வு என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்வேன்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். வதோ எந்த அரசரின் பெயரும் இல்லை. ஆண்டுகளை எண்ணுவதற்காக அரசவை அறிவிக்கும் பெயர் அது. ஜப்பானியர் அதை 'நெங்கோ' என்பார்கள். பெயரை அறிவித்த ஆண்டு அதன் முதல் ஆண்டு. அடுத்த பெயர் வரும்வரை இரண்டு, மூன்று என்று கணக்கு ஓடும். இன்று ஒரு பேரரசருக்கு ஒரே பெயர் என்று இருப்பதால் ஆட்சியும் பெயரும் ஒன்றுதான் என்ற மயக்கம் வருகிறது. அந்த ஏற்பாடு 1868இல் மெய்ஜியோடு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரே ஆட்சியில் பல முறை பெயர் மாறியிருக்கிறது. நல்ல சகுனம் தெரிந்தால் மாற்றுவார்கள். கெட்ட காலம் வந்தாலும், அது தொலையட்டும் என்று மாற்றுவார்கள்.

வதோ அறிவிக்கப்பட்டபோது அரியணையில் இருந்தவர் கென்மெய் பேரரசி. 661இல் பிறந்தவர், தென்ஜி பேரரசரின் மகள். இவருடைய மகன் மொன்மு பேரரசர் 707இல் 25 வயதிலேயே இறந்துபோனார். மொன்முவின் பிள்ளை அப்போது ஏழு வயதுச் சிறுவன். பேரன் வளரும்வரை இடத்தைக் காக்கப் பாட்டி அமர்ந்தார் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. தாய் மகனிடமிருந்து ஆட்சியைப் பெறுவது வழக்கத்தில் இல்லாத ஒன்று. அதனால் பதவியேற்ற அடுத்த ஆண்டே வானமும் பூமியும் நம் பக்கம் என்று காட்டும்படி ஒரு நல்ல செய்தி கிடைத்தால் அரசவைக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் செய்தி செம்பாக வந்தது. 708ஆம் ஆண்டு முதல் மாதம் 11ஆம் நாள், முசாஷி மாநிலத்துச் சிச்சிபு மாவட்டத்திலிருந்து 'வதோ' கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று ஷோகு நிஹொங்கி என்ற அரசவை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. இது 797இல் முடிக்கப்பட்ட நூல். அதாவது நிகழ்ச்சிக்குத் தொண்ணூறு ஆண்டு பிந்தியது. ஆனால் அரசு ஆவணங்களை வைத்து நாள்வாரியாகத் தொகுக்கப்பட்டது. பேரரசியின் ஆணையும் அதில் இருக்கிறது. விண்ணிலும் மண்ணிலும் உள்ள தெய்வங்கள் மகிழ்ந்து இந்தப் புதையலை வெளிப்படுத்தியிருக்கிறார்கள், ஆகவே கெய்உன் (அதுவரை ஓடிய ஆண்டுப் பெயர்) ஐந்தாம் ஆண்டை வதோ முதல் ஆண்டு என்று மாற்றுகிறேன் என்பது அதன் சாரம். கையோடு கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு. சிச்சிபு மாவட்டத்துக்கு அந்த ஆண்டின் இரண்டு வகை வரிகளும் தள்ளுபடி, முசாஷி மாநிலம் முழுவதற்கும் ஒரு வகை வரி தள்ளுபடி. இந்த வரிச் சலுகைதான் என்னை நம்ப வைக்கிறது. வெறும் அலங்காரத்துக்காகச் சொல்லியிருந்தால் எந்த மாவட்டத்துக்கு எந்த வரி என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. ஆக, செம்பு வந்தது, அதற்காகத்தான் பெயர் மாறியது என்ற இரண்டும் உறுதி.

'வதோ' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. இரண்டாவது எழுத்து செம்பு. அதில் சண்டை இல்லை. முதல் எழுத்து 'வா', இணக்கம், மென்மை என்று பொருள்படும். உருக்கிப் பிரிக்க வேண்டிய கல்லாக இல்லாமல் இயற்கையிலேயே செம்பாகக் கிடைத்த கட்டி என்று பலரும் விளக்குகிறார்கள். அதே எழுத்து ஜப்பானையும் குறிக்கும் என்பதால் 'ஜப்பானியச் செம்பு' என்று படிப்பவர்களும் உண்டு. முந்தையதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

சகுனத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது இதற்கு முன்பும் பின்பும் நடந்ததுதான். 650இல் வெள்ளைக் காட்டுக்கோழி ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பெயர் ஹகுச்சி. 704இல் மங்கல மேகம் தெரிந்தது, பெயர் கெய்உன். இதில் எனக்குப் பிடித்தது 701. சுஷிமா தீவிலிருந்து பொன் வந்தது என்று சொல்லி 'பெரும் புதையல்' என்ற பொருளில் தாய்ஹோ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பொன் மோசடி, கொண்டுவந்த ஆள் ஏமாற்றிவிட்டான் என்று பின்னால் தெரியவந்ததை ஷோகு நிஹொங்கியே ஒளிக்காமல் குறிப்பிடுகிறது. ஆனால் பெயரைத் திரும்பப் பெறவில்லை. இன்றைய ரேய்வா வரை ஓர் ஆண்டுகூட விடுபடாமல் நீளும் சங்கிலி அந்தத் தாய்ஹோவிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர்கள் விட்டுவிட்டு வருபவை. அவற்றை அந்தந்தக் காலத்து மக்கள் உண்மையிலேயே புழங்கினார்களா என்பதே சந்தேகம். நிலத்தடியிலிருந்து எடுத்த மரச்சீட்டுகளைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். வரிமூட்டைகளோடு கட்டி அனுப்பிய சீட்டுகள் அவை. 701க்கு முந்தியவற்றில் ஏறக்குறைய எல்லாமே அறுபதாண்டுச் சுழற்சியில்தான் ஆண்டைச் சொல்கின்றன. நமக்குப் பிரபவ, விபவ இருப்பதுபோல அவர்களுக்கும் ஓர் அறுபது உண்டு. 701க்குப் பிறகு நெங்கோ வந்துவிடுகிறது. ஆகவே 'வதோ மூன்றாம் ஆண்டு' என்று 710இல் ஒரு கிராம எழுத்தர் எழுதியிருப்பார் என்று தயங்காமல் சொல்லலாம். 645க்கு உரிய 'தாய்கா' பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போது காசுக்கு வருகிறேன். நாட்களை வரிசையாக வையுங்கள். முதல் மாதம் 11ஆம் நாள் செம்பு வருகிறது. அடுத்த மாதம் அதே 11ஆம் நாள் காசு வார்ப்பதை முடுக்கிவிட ஒரு தனி அலுவலகம் திறந்து, தஜிஹி நோ மியாகெமாரோ என்பவரை அதற்குப் பொறுப்பாக அமர்த்துகிறார்கள். நான்கு நாள் கழித்து, 15ஆம் நாள், தலைநகரை நாராவின் ஹெய்ஜோவுக்கு மாற்றும் ஆணை வெளியாகிறது. ஐந்தாம் மாதம் வெள்ளிக் காசு, எட்டாம் மாதம் செம்புக் காசு. புதையல் கண்ட மகிழ்ச்சியில் ஒரே மாதத்தில் காசுத் திட்டமும் தலைநகரத் திட்டமும் உதித்தன என்றால் நான் நம்ப மாட்டேன். திட்டங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன, செம்புதான் வர வேண்டியிருந்தது. இது என் கணிப்பு, ஆவணத்தில் இப்படி வரி கிடையாது. ஆனால் இந்தத் துறையில் உள்ள பலரும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு நகரத்தையே கட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். துணியும் நெல்லும் கொடுத்து மாளாது. செம்பைக் காசாக்கி, செம்பின் விலையைவிட அதிக மதிப்பை அதன் தலையில் ஏற்றிக் கொடுத்தால் கஜானாவுக்கு லாபம்.

'வதோ கைச்சின்' என்ற அந்தக் காசு வட்டமானது, நடுவே சதுர ஓட்டை, குறுக்களவு சுமார் 24 மில்லிமீட்டர். ஓட்டையைச் சுற்றி நான்கு எழுத்து. சீனத் தாங் அரசு 621இல் வெளியிட்ட காசைப் பார்த்து வார்த்தது. கடைசி எழுத்தை எப்படி உச்சரிப்பது என்பதில் நெடுநாள் வழக்கு இருக்கிறது. 'சின்' என்ற எழுத்தின் மாற்று வடிவம் என்பது ஒரு கட்சி, புதையல் என்று பொருள்படும் 'ஹோ' எழுத்தைச் சுருக்கி எழுதியது என்பது இன்னொரு கட்சி. இன்றைய ஜப்பானியப் பாடநூல்களில் 'கைச்சின்'. நீங்கள் எதை எழுதினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இது முதல் காசா? நான் பள்ளியில் படித்தபோது இருந்த பதில்: ஆமாம். 1999இன் தொடக்கத்தில் அந்தப் பதில் ஆட்டம் கண்டது. நாரா மாநிலத்தின் அசுகா பகுதியில், ஏழாம் நூற்றாண்டின் பட்டறைகள் இருந்த அசுகாஇகே என்ற இடத்தில் தோண்டியபோது 'ஃபுஹொன்' என்று எழுதிய செம்புக் காசுகள் 33 கிடைத்தன. வெறும் காசு மட்டுமில்லை, வார்ப்பு அச்சும் வார்த்தபோது வழிந்த கழிவும் இருந்தன. ஆக, அங்கேயே செய்திருக்கிறார்கள். காலம் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இனிமேல் செம்புக் காசைப் பயன்படுத்துங்கள், வெள்ளிக் காசு வேண்டாம் என்று 683இல் தென்மு பேரரசர் ஆணையிட்டதாகப் பழைய வரலாற்று நூலில் ஒரு வரி இருந்தது. அது எந்தக் காசு என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடை கிடைத்த மாதிரி ஆயிற்று. ஆகவே ஜப்பானில் முதலில் வார்த்த செம்புக் காசு வதோ இல்லை என்பது உறுதி. ஃபுஹொன் சந்தையில் பணமாகப் புழங்கியதா, அல்லது சடங்குக்கும் அதிர்ஷ்டத்துக்கும் வைத்திருந்ததா என்பதில்தான் கருத்து வேறுபாடு. நாட்டு அளவில் அரசு வற்புறுத்திப் புழக்கத்தில் விட்ட முதல் காசு வதோ என்று எழுதினால் பிழை வராது.

வற்புறுத்தி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். மக்கள் அரிசியும் துணியும் கொடுத்து வாங்கிப் பழகியவர்கள். காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 711இல் ஒரு காசுக்கு ஆறு படி நெல் என்று அரசே விலை கட்டியது (அந்தக் காலத்துப் படி இன்றைய ஜப்பானியப் படியில் பாதிகூட வராது). அதே ஆண்டு பத்தாம் மாதம் வந்த ஆணை இன்னும் வேடிக்கை. கீழ்நிலை அதிகாரிகள் பத்தாயிரம் காசு சேர்த்துக் காட்டினால் பதவிப்படி ஒன்று ஏறும், இருபதாயிரம் என்றால் இரண்டு. காசுக்கு மரியாதை வர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் சேர்த்துப் பெட்டியில் பூட்டினால் காசு எப்படிப் புழங்கும்? இந்த முரண்பாட்டைச் சுட்டாத ஜப்பானிய வரலாற்று ஆசிரியரை நான் பார்த்ததில்லை. கள்ளக் காசும் உடனே முளைத்துவிட்டது. வார்த்தவனுக்குத் தலை போகும், கூட்டாளிகள் அரசுக்கு அடிமை, குடும்பம் நாடுகடத்தல் என்று அதே 711இல் சட்டம் கடுமையானது. வெளியிட்டு மூன்றே ஆண்டில் இந்த நிலை என்றால், செம்புக்கும் முகமதிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தலைநகர் 710ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் 10ஆம் நாள் ஹெய்ஜோவுக்கு மாறியது. முந்தைய தலைநகரான ஃபுஜிவாரா 694இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. பதினாறே ஆண்டில் கைவிட்டார்கள். ஏன்? சீனத் தலைநகரைப் பார்த்துவிட்டு 704இல் திரும்பிய தூதுக்குழு, நம் நகரத்தில் அரண்மனை நடுவில் இருக்கிறது, அங்கே வடக்கு ஓரத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கக்கூடும் என்பது ஒரு விளக்கம். ஃபுஜிவாராவின் நிலம் தெற்கே உயர்ந்து, அரண்மனையை நோக்கிச் சாக்கடை வடிந்தது என்பது இன்னொன்று. தலைநகருக்கு உள்ளும் புறமும் துர்நாற்றம் வீசுகிறது என்று 706ஆம் ஆண்டு ஆணையிலேயே புலம்பியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்திருக்கலாம். இடம் மாறிய பின்பும் வேலை முடியவில்லை. 711 ஒன்பதாம் மாதத்து ஆணை, வெளி மாநிலங்களிலிருந்து பிடித்துவந்த வேலையாட்கள் களைத்துப்போய் ஓடிவிடுகிறார்கள், தடுத்தும் நிற்கவில்லை, அரண்மனைச் சுவரே இன்னும் முடியவில்லை என்கிறது. அடுத்த நான்கு மாதத்தில் இன்னொன்று: வேலை முடித்து ஊர் திரும்புகிறவர்கள் வழியில் உணவின்றிச் செத்துப் பள்ளங்களில் கிடக்கிறார்கள், மாநில அதிகாரிகள் கவனித்து உணவு கொடுங்கள், இறந்தவர்களைப் புதையுங்கள். 'இணக்கமான செம்பு' என்று பெயர் வைத்த காலத்தின் இன்னொரு பக்கம் இது. இதுவும் அரசவையின் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது.

காலத்தின் மற்ற பெரிய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றுக்குத் தனிக் கேள்வியே போடலாம். புராணக் கதைகளின் தொகுப்பான கொஜிகியின் முன்னுரையில் உள்ள தேதி 712. அதை அரசிடம் கொடுத்ததாக ஷோகு நிஹொங்கியில் ஒரு சொல்கூட இல்லாததால் முன்னுரை பிற்காலத்துச் சேர்க்கையோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1979இல் நாராவின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதன் ஆசிரியர் ஓ நோ யசுமாரோவின் கல்லறை, பெயரும் இறந்த நாளும் பொறித்த செம்புத் தகட்டோடு கிடைத்தது. ஆள் உண்மை என்று தெரிந்தது. முன்னுரை பற்றிய கேள்வியை அது முழுக்கத் தீர்க்கவில்லை. 713இல் ஒவ்வொரு மாநிலமும் தன் ஊர்ப் பெயர்களை நல்ல எழுத்துகளில் எழுதி, விளைபொருள், மண்வளம், பெயர்க் காரணம், முதியோர் சொல்லும் கதைகள் எல்லாவற்றையும் தொகுத்து அனுப்ப ஆணை போனது. அப்படி வந்தவற்றில் ஐந்து மாநிலங்களின் தொகுப்புகள்தான் ஓரளவு தேறின.

பெயரை நம்பலாமா என்று கேட்டீர்களே, அதற்கு நான் காட்டும் சாட்சி ஒரு கல். குன்மா மாநிலத்தின் தகாசாகியில், சிச்சிபுவிலிருந்து அதிகத் தூரமில்லாத இடத்தில், தலையில் தொப்பிபோல இன்னொரு கல்லைச் சுமந்துகொண்டு ஒரு தூண் நிற்கிறது. ஆறு வரி, எண்பது எழுத்து. மூன்று மாவட்டங்களிலிருந்து முந்நூறு குடும்பங்களைப் பிரித்துத் தகோ என்ற புதிய மாவட்டம் அமைத்தோம், வதோ நான்காம் ஆண்டு மூன்றாம் மாதம் 9ஆம் நாள் என்று பொறித்திருக்கிறது. ஷோகு நிஹொங்கியில் இதே செய்தி மூன்று நாள் முந்தைய தேதியில் இருக்கிறது. தலைநகரத்து ஏடும், தொலைதூரத்துக் கல்லும் இப்படிப் பொருந்துவது இந்தத் தொழிலில் அடிக்கடி கிடைக்காத சுகம். கல்லில் 'ஆடு' என்று ஓர் எழுத்து வருகிறது. புது மாவட்டத்தை ஆட்டிடம் கொடுத்தோம் என்பதுபோல! அது ஓர் ஆளின் பெயர் என்பதே பெரும்பான்மைக் கருத்து. திசை என்பவர்களும், கல்தச்சரின் பிழை என்பவர்களும் இருக்கிறார்கள். ஆணையைப் பிறப்பித்த அதிகாரிகள் வரிசையில் தஜிஹி என்ற குலப்பெயர் வருகிறது. காசு அலுவலகத்துக்குப் பொறுப்பேற்ற அதே மியாகெமாரோதான் இவர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மனிதர் 722இல் பொய்யாக ராஜத் துரோகப் புகார் கொடுத்தார் என்ற குற்றத்தில் சிக்கி, தலை தப்பி, இசு தீவுப் பக்கம் நாடுகடத்தப்பட்டார்.

சிச்சிபுச் செம்பிலிருந்துதான் அத்தனை காசும் வந்ததா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் படித்த ஈய ஓரிடத்தான் ஆய்வுகளின்படி (காசில் கலந்திருக்கும் ஈயத்தின் அணு வகைகளை வைத்து உலோகம் எந்தச் சுரங்கத்தது என்று கண்டறியும் முறை) பெரும்பாலான காசுகளின் உலோகம் மேற்கே, இன்றைய யமகுச்சி மாநிலத்துச் சுரங்கங்களோடு ஒத்துப்போகிறது. அதே மாநிலத்தில் ஷிமொனோசெகியின் சோஃபு பகுதியில் வதோ காசின் வார்ப்பு அச்சுகளும் கிடைத்திருக்கின்றன. சிச்சிபுச் செம்பு கொடுத்தது பெயரை. எடையை மேற்குச் சுரங்கங்கள் கொடுத்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைச் சிச்சிபுக்காரர்களிடம் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். 2008இல், ஆயிரத்து முந்நூறாம் ஆண்டை முன்னிட்டு, அங்கிருந்த குரோயா ரயில் நிலையத்தின் பெயரையே வதோ குரோயா என்று மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஹிஜிரி கோவில். லாட்டரிச் சீட்டு வாங்கியவர்கள் வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள். பேரரசி அனுப்பியதாகச் சொல்லும் ஒரு ஜோடிச் செம்புப் பூரான்களை அங்கே பாதுகாக்கிறார்கள். ஏன் பூரான்? நூறு அதிகாரிகளை விழாவுக்கு அனுப்ப வேண்டியிருந்ததாம், முடியாததால் நூறு கால் உள்ளதை அனுப்பினாராம். ஜப்பானிய எழுத்தில் பூரானை 'நூறு கால்' என்றுதான் எழுதுவார்கள். கோவில் கதை, ஏட்டில் தேடாதீர்கள். அங்கிருந்து மேலே ஏறி ஓடையோரம் இறங்கினால் செம்பு எடுத்த இடம் என்று காட்டுகிறார்கள்; ஆளைவிட உயரமான ஒரு வதோ காசு நிற்கிறது, ஜப்பானியப் பணம் பிறந்த இடம் என்ற அறிவிப்போடு. 1999இல் அசுகாவில் கிடைத்ததைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. நானும் பேசவில்லை, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியாக, குறிப்பெடுப்பதற்காகக் கேட்கிறீர்கள் என்றால் ஒரு சிறு எச்சரிக்கை. 715ஐ முழுவதும் வதோவில் சேர்க்காதீர்கள். அந்த ஆண்டு ஒன்பதாம் மாதம் கென்மெய் தன் மகள் கென்ஷோவுக்கு அரியணையை விட்டுக்கொடுத்தார். அதற்கு முந்தைய மாதம்தான் தலைநகர்வாசி ஒருவர் மங்கல ஆமை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதனால் புதிய பெயர் ரேய்கி, 'தெய்வீக ஆமை'. காசில் இருந்த வதோ மட்டும் மாறவில்லை. 760இல் அடுத்த காசு வரும்வரை அதே நான்கு எழுத்தோடு ஓடியது. புதுக் காசு ஒன்றுக்குப் பழைய வதோ பத்து என்று அன்றைக்கு அரசு விலை வைத்தது.